நூறு ரூபாய் குறைந்த உறை: ஒரு கேஷியர் நேர்காணலின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

காவிரிப் படுகையில் ஒரு தாலுகா நகரம். அங்கே பேருந்து நிலையத்தை ஒட்டி, நான்கு பில்லிங் கவுண்டர்கள் கொண்ட ஒரு சூப்பர் மார்க்கெட். காலை 8 மணிக்குத் திறந்து இரவு 9.30க்கு அடைப்பார்கள். 2024 ஆகஸ்ட் கடைசியில் இரண்டு கேஷியர்கள் ஒரே வாரத்தில் வேலையை விட்டு நின்றார்கள். அந்த வருடம் தீபாவளி அக்டோபர் 31. பண்டிகைக் கூட்டம் தொடங்க ஐந்து வாரம்தான் இருந்தது. அதற்குள் ஆள் எடுத்துப் பழக்கியாக வேண்டும்.

அந்த இருவரும் ஏன் நின்றார்கள் என்பது தெரிந்தால்தான் பின்னால் எடுத்த முடிவுகள் புரியும். பல மாதங்களாகக் கடையின் கல்லாக் கணக்கு நோட்டில் நாள்தோறும் 'சரி' என்றே எழுதப்பட்டு வந்தது. முதலாளிக்கு அதில் பெருமை. ஒரு நாள் மதியம் 3 மணிக்கு மேனேஜர் முன்னறிவிப்பு இல்லாமல் இரண்டு கவுண்டர்களை எண்ணிப் பார்த்தார். ஒன்றில் 460 ரூபாய் கூடுதல், இன்னொன்றில் 720 ரூபாய் குறைவு. குறைந்த கவுண்டரின் அடியில் ஒரு மசாலா டப்பா இருந்தது. அதற்குள் நோட்டும் சில்லறையுமாக 1,135 ரூபாய். அன்றும் இரவு எண்ணியிருந்தால் கணக்கு 'சரி' என்றுதான் முடிந்திருக்கும்.

முதலாளி இதைத் திருட்டு என்றார். வார்த்தை தடித்தது, இருவரும் கிளம்பிவிட்டார்கள். பிறகு மூன்று மாத பில்களை எடுத்துப் பார்த்தார்கள். ரத்தான பில்கள் எல்லாவற்றிலும் சூப்பர்வைசர் கையெழுத்து இருந்தது. சரக்கு இருப்பிலும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. டப்பாவில் இருந்தது கடையில் திருடிய பணமல்ல. ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் சில்லறைக்குப் பதில் சாக்லேட் கொடுத்ததிலும், வாடிக்கையாளர் வாங்காமல் விட்டுப் போன மீதியிலும் சேர்ந்தது. அதைச் சேர்த்து வைக்கக் காரணம் இருந்தது. கல்லாவில் குறைந்தால் சம்பளத்தில் பிடிப்பது அந்தக் கடையின் வழக்கம். எனவே கூடுதல் வந்த நாளில் ஒளித்து வைத்து, குறைந்த நாளில் அதிலிருந்து எடுத்து நிரப்பியிருக்கிறார்கள்.

பில்லிங் தொழில் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. நாளுக்கு முந்நூறு பில் போடும் கவுண்டரில் மாதம் முழுக்க வித்தியாசம் சுழியம் என்றால் அந்தக் கணக்கைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். நிஜமான கல்லா ஐந்து, பத்து என்று இரு பக்கமும் ஆடும்.

பழைய நேர்காணல் எப்படி இருந்தது

ஐந்து நிமிடம். பயோடேட்டாவைப் புரட்டுவார்கள். 'எந்த ஊரு, யாரு வீடு, கல்யாணம் ஆயிடுச்சா, கம்ப்யூட்டர் தெரியுமா, முன்ன எங்க வேலை பார்த்தீங்க' என்று கேட்பார்கள். பளிச்சென்று பேசினால் வேலை. பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலின் அசலை வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்வார்கள். காசை எண்ணச் சொல்லி ஒருவரையும் பார்த்ததில்லை. காசு எண்ணும் வேலைக்கு!

என்ன மாற்றினார்கள், ஏன்

மேனேஜரும் பெண் சூப்பர்வைசரும் சேர்ந்து புது முறை வகுத்தார்கள். ஒருவருக்கு 40 நிமிடம். இருவரும் தனித்தனித் தாளில் மதிப்பெண் போடுவது, எல்லோரும் முடியும்வரை ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக்கூடாது என்பது விதி. இருவரில் ஒருவர் முதலில் வாயைத் திறந்தால் மற்றவர் மதிப்பெண்ணும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும் என்பதற்காக இந்தக் கட்டுப்பாடு. குடும்பம், திருமணம், குழந்தை பற்றிய கேள்விகளை அடியோடு எடுத்தார்கள்.

அதற்கு முன் முதலாளியிடம் இரண்டு விஷயங்களுக்கு ஒப்புதல் வாங்கினார்கள். முதலாவது, கல்லாவில் குறைந்தால் சம்பளத்தில் பிடிப்பது நிறுத்தப்படும். 50 ரூபாய் வரை நோட்டில் எழுதினால் போதும். அதற்கு மேல் போனால் அன்றே பில்லையும் கேமராவையும் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பார்கள். ஒரே மாதத்தில் மூன்று முறை நடந்தால் மறுபயிற்சி. முதலாளி இதற்கு எளிதில் இறங்கவில்லை. விளக்கம் சொல்ல வாய்ப்புத் தராமல் இழப்புக்காகப் பிடித்தம் செய்யக்கூடாது என்று அப்போது நடப்பில் இருந்த 1936ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டமே சொல்கிறது என மேனேஜர் எடுத்துக் காட்டிய பிறகுதான் சம்மதித்தார். இரண்டாவது, அசல் சான்றிதழைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், நகல் மட்டும் கடையில் இருக்கும்.

வாசலில் தொங்கிய 'பில்லிங் ஆட்கள் தேவை' போர்டிலும் வேலை நேரம், வார விடுமுறை, சம்பளத் தொகை மூன்றையும் எழுதினார்கள்.

உறைச் சோதனை

இதுதான் நேர்காணலின் நடுநாயகம். ஒரு உறையில் பணமும், அதோடு ஒரு டினாமினேஷன் சீட்டும் (எந்த மதிப்பில் எத்தனை நோட்டு, எத்தனை நாணயம் என்று எழுதிய தாள்). விண்ணப்பதாரர் எண்ணி, வெற்றுச் சீட்டு ஒன்றில் தன் கணக்கை எழுதிக் கையெழுத்திட வேண்டும். உறைக்குள் இருந்தவை:

500 ரூபாய் 13, 200 ரூபாய் 7, 100 ரூபாய் 18, 50 ரூபாய் 9, 20 ரூபாய் 14, 10 ரூபாய் 23. நாணயத்தில் ஐந்து ரூபாய் 11, இரண்டு ரூபாய் 8, ஒரு ரூபாய் 9. கூட்டினால் 10,740.

ஆனால் உறையோடு வைத்த சீட்டில் நூறு ரூபாய் 19 என்றும், மொத்தம் 10,840 என்றும் எழுதியிருந்தது. வேண்டுமென்றே ஒரு நூறு குறைத்து வைத்தது. வேகம் பார்க்க வைத்த சோதனை அல்ல இது. கையில் இருப்பதும் தாளில் இருப்பதும் ஒத்துப்போகாதபோது ஆள் எதை எழுதுகிறார், யாரிடம் சொல்கிறார் என்று பார்ப்பதற்கு.

இதைச் செய்ய நினைப்பவர்கள் ஒன்றைத் தவறவிடக்கூடாது. ஒவ்வொருவரிடமும் கொடுப்பதற்கு முன் இரண்டு பேர் உறையை எண்ணி, நேரத்தோடு எழுதி வைக்க வேண்டும். திரும்பி வந்ததும் விண்ணப்பதாரர் கண்முன்னே மீண்டும் எண்ண வேண்டும். இல்லாவிட்டால் வேலை கேட்டு வந்தவர்மேல் பழி விழும். சோதனை முடிந்ததும் குறைத்து வைத்தது கடைதான் என்பதை அங்கேயே சொல்லிவிட வேண்டும். சந்தேகத்தோடு ஒருவரை வீட்டுக்கு அனுப்புவது பாவம்.

கவுண்டர் சோதனை

கூட்டம் இல்லாத பிற்பகலில், பயிற்சி முறையில் வைத்த ஒரு கணினியில் 14 பொருட்கள் கொண்ட கூடை. மென்பொருள் தெரியாதவர்களுக்கு முதலில் பத்து நிமிடம் சொல்லிக் கொடுத்தார்கள். கூடையில் இடறல்கள் இருந்தன. நான்கு நூடுல்ஸ் பாக்கெட்டில் இரண்டு ஒரு சுவை, இரண்டு வேறு சுவை. எடை மெஷின் ஸ்டிக்கர் ஒட்டிய வெங்காயம். பார்கோடு கிழிந்த ஒரு பிஸ்கட். ஒரு பிளாஸ்டிக் வாளி, அதற்குள் ஒரு சோப்பு.

நூடுல்ஸில்தான் அதிகம் பேர் தவறினார்கள். ஒன்றை ஸ்கேன் செய்து அளவை 4 என்று போட்டுவிடுவது. விலை ஒன்றுதான், வாடிக்கையாளருக்கு நஷ்டம் இல்லை. ஆனால் ஒரு சுவையின் இருப்பு கணினியில் இரண்டு கூடி, இன்னொன்றில் இரண்டு குறைந்துபோகும். ஆண்டுக் கணக்கெடுப்பில் இது மலைபோல வந்து நிற்கும்.

பிறகு சில்லறை. பில் 387 ரூபாய், வாடிக்கையாளராக நடிக்கும் சூப்பர்வைசர் 500 ரூபாய் நோட்டைக் கொடுப்பார். கேஷியர் 113 ரூபாயை எடுத்த பிறகு 'ஏழு ரூபா சில்லறை இருக்கு, இந்தாங்க' என்பார். சரியான மீதி 120.

அடுத்தது கொஞ்சம் கடுமையானது. பில் 80 ரூபாய். 500 கொடுத்து, மீதி 420 மேசைக்கு வந்ததும், 'அடடே, நூறு ரூபா இருக்கு, இத வச்சுக்கிட்டு என் ஐநூறக் கொடுங்க' என்று அவசரப்படுத்துவார். பேச்சில் மயங்கி ஐநூறைத் திருப்பிக் கொடுத்து, மேசையில் இருந்த 420ஐயும் அவர் அள்ளிக்கொள்ள விட்டால், கடைக்குச் சரியாக 400 ரூபாய் நஷ்டம். இதற்கு மருந்து ஒன்றே ஒன்றுதான்: 420 முதலில் டிராயருக்குள் போக வேண்டும், பிறகு ஐநூறு வெளியே வர வேண்டும், அதன்பின் நூறை வாங்கி இருபது கொடுக்க வேண்டும். முதல் கொடுக்கல்வாங்கலை முழுதாகப் பிரித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும்.

வாய்மொழிக் கேள்விகள்

எல்லோருக்கும் ஒரே நான்கு கேள்விகள், ஒரே வரிசையில்.

வாடிக்கையாளர் யு.பி.ஐ.யில் பணம் போய்விட்டது என்று செல்போன் திரையைக் காட்டுகிறார், கவுண்டரில் ஸ்பீக்கர் பேசவில்லை, என்ன செய்வீர்கள்? கடையின் செயலியில் பணம் வரவாகியிருக்கிறதா என்று பார்ப்பேன், அதுவரை பில்லை ஹோல்டில் வைத்து அடுத்தவரைக் கவனிப்பேன், சூப்பர்வைசரைக் கூப்பிடுவேன், அவரைத் திருடன்போல் பேசமாட்டேன் என்ற திசையில் பதில் வந்தால் முழு மதிப்பெண். 'ஸ்க்ரீன்ஷாட் இருந்தா போதும் சார்' என்றால் சுழியம்.

பத்து ரூபாய் நாணயத்தைக் கொடுத்தால் வாங்குவீர்களா? எட்டுப் பேரில் மூன்று பேர் 'அது செல்லாது' என்றார்கள். எல்லா வடிவ பத்து ரூபாய் நாணயங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018லேயே தெளிவுபடுத்தியிருந்தும், தமிழ்நாட்டில் பல ஊர்களில் இந்த எண்ணம் போகவில்லை. இதற்காக மதிப்பெண் குறைக்கவில்லை, சொல்லிக்கொடுத்தால் தீர்ந்துவிடும்.

அலமாரியில் ஒரு விலை, பில்லில் ஒரு விலை என்று வாடிக்கையாளர் சொன்னால்? பக்கத்து கவுண்டர்க்காரர் உங்கள் லாகினில் ஒரு பில்லை ரத்து செய்யச் சொன்னால்? கடைசிக் கேள்விக்குச் சரியான பதிலை எல்லோருமே சொல்லிவிட்டார்கள். நேர்மை பற்றிய கேள்விக்கு யாரும் தவறான பதில் சொல்வதில்லை. அதற்குத்தான் உறை.

நேர்காணலில் கண்டவை

செப்டம்பர் இரண்டாம் வாரம் பதினோரு பேர் வந்தார்கள். இரவு நேரம் ஒத்துவராது என்று போர்டைப் பார்த்தே மூவர் போய்விட்டார்கள். மீதி எட்டுப் பேரில் மூவரைப் பற்றி மட்டும் இங்கே.

விண்ணப்பதாரர் அ: 29 வயது ஆண். ஜவுளிக் கடை ஒன்றில் மூன்று வருட பில்லிங் அனுபவம். 14 பொருட்களை இரண்டு நிமிடத்துக்குள் முடித்தார். ஐநூறு ரூபாய் மாற்று வித்தையில் அவர் ஒருவர்தான் தடுமாறவே இல்லை. 'முதல்ல அந்த நானூத்தி இருவதக் கொடுங்க மேடம்' என்று கையை நீட்டினார். சந்தேக நோட்டு பற்றிப் பேச்சு வந்தபோது, கேட்காமலே ஒரு ஐநூறை எடுத்துச் சாய்த்து, பாதுகாப்பு இழை பச்சையிலிருந்து நீலத்துக்கு மாறுவதைக் காட்டினார். உறையை நான்கு நிமிடத்தில் எண்ணினார். சீட்டில் எழுதியது: நூறு ரூபாய் 19, மொத்தம் 10,840.

விண்ணப்பதாரர் ஆ: 36 வயதுப் பெண், பிளஸ் டூ. கடை வேலையே பார்த்ததில்லை. மகளிர் சுய உதவிக் குழுவில் ஐந்து வருடம் கணக்கு எழுதியவர். ஸ்கேனரைப் பிடிக்கவே தயங்கினார், கூடைக்கு ஏழு நிமிடம் ஆனது. ஆனால் நூடுல்ஸைப் பிரித்து வைத்தார், வாளிக்குள் கையை விட்டுப் பார்த்தார். மாற்று வித்தையில் ஏமாந்தார், நானூறு போனது. காரணத்தை விளக்கியதும் ஒரு துண்டுத் தாளில் 'கொடுத்த மீதி முதலில் உள்ளே' என்று எழுதிவைத்துக்கொண்டார். உறைக்கு 11 நிமிடம். நூறு ரூபாய்களை மட்டும் இரண்டாம் முறை, பிறகு மூன்றாம் முறை, இந்த முறை ஒவ்வொன்றாக மேசையில் பரப்பி எண்ணினார். பிறகு சீட்டைத் தொடாமல் நிமிர்ந்து, 'சார், ஒரு நூறு குறையுது. மூணு தடவ எண்ணிட்டேன். நீங்க ஒருதரம் எண்ணிப் பாருங்க, அப்புறம் எழுதறேன்' என்றார்.

விண்ணப்பதாரர் இ: 22 வயது, பி.காம். முடித்த பெண், முதல் வேலை. 113 ரூபாயைக் கையில் வைத்திருக்கும்போது ஏழு ரூபாய் நீட்டப்பட்டதும் திகைத்தார். 'ஒரு நிமிஷம்' என்று சொல்லி 113ஐத் திரும்ப டிராயரில் போட்டு, ஏழை வாங்கி, புதிதாக 120 எடுத்துக் கொடுத்தார். மனக்கணக்கில் அவர் வேகம் குறைவு, முறை பழுதற்றது. உறையில் 10,740 எழுதி, ஓரத்தில் 'சீட்டுடன் 100 வித்தியாசம்' என்று குறித்தார். ஆனால் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவர்தான் 'உட்கார ஸ்டூல் இருக்குமா?' என்று கேட்டார். சூப்பர்வைசர் அதை 'சோம்பல்' என்று குறித்திருந்தார். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021லேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. மேனேஜர் அந்தக் குறிப்பை அடிக்கச் சொன்னார். கவுண்டருக்கு அடியில் முன்பு போட்டிருந்த ஸ்டூல்கள் கிடங்கிலிருந்து மறுபடி வந்தன.

எடுத்த முடிவு

முதலாளி அ-வை எடுக்கச் சொன்னார். பண்டிகை நெருங்குகிறது, வேகமான ஆள், பழக்க வேண்டியதில்லை. அவர் வாதத்தில் நியாயம் இருந்தது.

உறை விஷயத்தை அ-விடம் உடைத்துச் சொன்னபோது அவர் முகம் வாடியது. 'முன்ன வேலை பார்த்த இடத்துல குறைஞ்சா சம்பளத்துல பிடிப்பாங்க சார். சீட்டுல என்ன இருக்கோ அதையே எழுதிட்டு, நம்ம கைக்காசப் போட்டு சரி பண்ணிடுவோம்' என்றார். அவர் பொய்யர் அல்ல. பழைய கடை அவருக்கு அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்திருந்தது. ஆனால் மசாலா டப்பாவை உருவாக்கிய பழக்கம் அதேதான். எனவே ஆ, இ இருவரையும் எடுப்பது என்று மேனேஜர் முடிவு செய்தார். வேகம் மூன்று வாரத்தில் வரும், குறைவை வாய்விட்டுச் சொல்லும் பழக்கத்தைப் பண்டிகைக் கூட்டத்தில் கற்றுக்கொடுக்க முடியாது என்பது அவர் சொன்ன காரணம்.

அதன்பின் நடந்தவை

ஆளுக்கு ஒரு டிராயர், ஒரு லாகின். தேநீருக்குப் போனால் டிராயரைப் பூட்டிச் சாவியோடு போக வேண்டும். முன்பு ஒரே டிராயரில் இரண்டு பேர் கை வைப்பார்கள், குறைந்தால் யாருடையது என்றே தெரியாது. காலையில் ஒவ்வொரு டிராயருக்கும் 3,000 ரூபாய் சில்லறை: 100 பத்து, 50 பன்னிரண்டு, 20 முப்பது, 10 ஐம்பது, நாணயமாக 300. கேஷியரும் எண்ணிக் கையெழுத்துப் போட்ட பிறகே முதல் பில்.

முதல் இரண்டு வாரம் ஆ-வின் வரிசை நகரவே இல்லை, வாடிக்கையாளர்கள் முணுமுணுத்தார்கள். பக்கத்தில் பை போடும் பையனை நிரந்தரமாக நிறுத்தியதும் பாதிச் சிக்கல் தீர்ந்தது. அவர் மெதுவாக இருந்தது ஸ்கேன் செய்வதில் அல்ல, பொருளைப் பையில் அடுக்குவதில். இதையும் அருகே நின்று பார்த்த பிறகுதான் கண்டுபிடித்தார்கள்.

நான்காவது வாரம் இ நின்றுவிட்டார். போர்டில் '9.30 வரை' என்று எழுதியிருந்தது. ஆனால் கடை அடைத்து, கல்லா எண்ணி, சீட்டு எழுதி வெளியே வர 10 மணி தாண்டும். அவருடைய கிராமத்துக்குக் கடைசிப் பேருந்து 9.40. மூன்று வாரம் அப்பா டி.வி.எஸ். ஐம்பதில் வந்து காத்திருந்து கூட்டிப் போனார். அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனதும் வழியில்லை. தீபாவளிக்கு இரண்டே வாரம். அ-வைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள், அவர் வேறு கடையில் சேர்ந்துவிட்டிருந்தார். பண்டிகை நாட்களில் சூப்பர்வைசரே கவுண்டரில் உட்கார நேர்ந்தது.

தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு, இரவு எண்ணும்போது மேனேஜர் வருவதற்கு முன்பே ஆ எழுந்து வந்தார். 'நூத்தி எம்பது குறையுது சார். இருவது ரூபான்னு நினைச்சு இருநூறக் கொடுத்திருப்பேன்.' 200 பளீர் மஞ்சள், 20 பச்சை கலந்த மஞ்சள். 200 நோட்டு நீளம் கூடுதல்தான், ஆனாலும் கட்டாக டிராயரில் மடங்கிக் கிடக்கும்போது, மாலை விளக்கொளியில், இரண்டும் ஒன்றாகவே தெரியும். டிராயரில் இரண்டும் அடுத்தடுத்த அறைகளில் இருந்தன. நோட்டைப் புரட்டினால் அந்த மாதத் தொடக்கத்தில் வேறொரு கவுண்டரிலும் அதே 180. அன்றிரவே நான்கு டிராயரிலும் 20ஐ இடது ஓரத்துக்கும் 200ஐ வலது ஓரத்துக்கும் மாற்றினார்கள். பொங்கல் வரை 180 மீண்டும் வரவில்லை. போன பணம் திரும்பவில்லை, யார் சம்பளத்திலும் பிடிக்கவில்லை.

அக்டோபர் கணக்கு நோட்டில் பல நாட்கள் வித்தியாசம் எழுதப்பட்டிருந்தது: 5 குறைவு, 12 கூடுதல், 30 குறைவு. முதலாளி பதறினார். பழைய 'சரி'களையும் இதையும் அருகருகே வைத்து மேனேஜர் விளக்க வேண்டியிருந்தது.

அடுத்த முறை மாற வேண்டியவை

போர்டில் கடை அடைக்கும் நேரத்துக்குப் பதில், கேஷியர் வெளியே போகும் நேரத்தை எழுத வேண்டும். நேர்காணலில் 'இரவு பத்தே காலுக்கு வீட்டுக்கு எப்படிப் போவீங்க?' என்று எல்லோரிடமும், ஆண் பெண் பாராமல், கேட்க வேண்டும். இதைக் கேட்கத் தவறியது கடையின் பிழை. முடிந்தால் தூரத்து ஊர்க்காரர்களுக்குக் காலை ஷிப்ட் மட்டும்.

அ-வுக்கு இரண்டாம் வாய்ப்பு கொடுத்திருக்க வேண்டும். இந்தக் கடையில் பிடித்தம் இல்லை என்பதை உறை கொடுப்பதற்கு முன் யாரிடமும் சொல்லவில்லை. பயந்து பழகிய ஒருவர் பயத்தோடுதான் எழுதுவார். இனி விதியைச் சொல்லிவிட்டு உறையைக் கொடுப்பது, முதல் முறை தவறினால் வேறு தொகையோடு மறுநாள் இன்னொரு உறை என்று தீர்மானித்திருக்கிறார்கள்.

வேகத்துக்குக் கொடுத்த மதிப்பெண்ணையும் பிரிக்க வேண்டும்: ஸ்கேன் தனி, பை அடுக்குவது தனி.

உறைச் சோதனையின் ஆயுள் குறைவு. சின்ன ஊர், இரண்டே மாதத்தில் தேநீர்க் கடையில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. நூறு குறையும் என்று எதிர்பார்த்தே எண்ண உட்காருவார்கள். அதனால் அடுத்த முறை சிலருக்குச் சரியாக இருக்கும் உறை, சிலருக்கு 20 ரூபாய் கூடுதலாக உள்ள உறை என்று மாற்றித் தரப்போகிறார்கள்.